அந்த வளைவில் மாடு இல்லை

ஒரு மோட்டார் சைக்கிள் டாப் கியரிலேயே சாமுண்டி மலை ஏறும் என்று ஒரு மனிதரிடம் சொன்னேன். ஏறாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். அவர் என்னை நம்பி, தன்னிடம் இருந்த ஒரு பெயரை எங்கள் தொழிற்சாலைக்குக் கொடுத்தார். நான் செய்த தவறு இதுதான். சுற்றி வளைத்து எழுதும் தெம்பு இப்போது இல்லை என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மைசூருக்கு வெளியே இருந்த ஒரு தொழிற்சாலையில் வண்டி வடிவமைப்புப் பிரிவில் நான் மூத்த பொறியாளன். மொபெட்டும் ஒரு ஸ்கூட்டரும் செய்துகொண்டிருந்தோம். இந்தியக் கம்பெனிகளோடு கூட்டுச் சேர்ந்து வந்த ஜப்பானிய வண்டிகள் எங்களைச் சந்தையிலிருந்து மெல்லத் தள்ளிக்கொண்டிருந்தன. கடைசி முயற்சியாக, நூற்றெழுபத்தைந்து சிசியில் ஒரு ஸ்போர்ட்ஸ் பைக் செய்தோம். எஞ்சின் புதிதல்ல. எங்களிடம் இருந்த ஒன்றைக் கொஞ்சம் பெரிதாக்கி, ஐந்து கியர் வைத்து, முன்னால் ஒரு பிளாஸ்டிக் முகமூடியும் பொருத்தினோம். நேர்மையான, அடக்கமான வண்டி. லிட்டருக்கு நன்றாக ஓடும், நெடுஞ்சாலையில் ஆடாது, பிரேக் நல்ல பிரேக். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

சொல்ல எதுவும் இல்லை என்பதே எங்கள் எம்.டி.யின் கவலை. "வண்டி சரி. பேர் வேணும். கேட்டவுடனே ஆள் திரும்பிப் பார்க்கிற பேர்" என்றார் ஒரு கூட்டத்தில். யாரோ அந்தப் பழைய பெயரைச் சொன்னார்கள். அறையில் இருந்த எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தது இன்றும் நினைவிருக்கிறது.

அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அதை எழுத எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. ஐம்பதுகளில் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த வண்டி அது. ஐந்நூறு சிசி, ஒரே சிலிண்டர். எஞ்சினுக்குள் ஆட்டுக்கல் கனத்தில் சுழலும் ஃப்ளைவீல் சக்கரம். மெதுவாகப் போகும்போது எஞ்சினின் ஒவ்வொரு அடியையும் ஒன்று, இரண்டு என்று எண்ணலாம். அதைச் செய்த கம்பெனி அறுபதுகளிலேயே மூடிவிட்டது. ஆனால் மைசூரில் அந்த வண்டிகள் சாகவில்லை. நானும் ஒன்று வைத்திருந்தேன். ஓய்வுபெற்று ஊரை விட்டுப் போன ஒரு டாக்டரிடம் வாங்கியது. என் அப்பா ரயில்வே வேலையில் மைசூருக்கு வந்தவர். வீட்டில் மோட்டார் சைக்கிளை யாரும் தொட்டதுகூட இல்லை. அதனால்தானோ என்னவோ, அந்த வண்டியின் மேல் எனக்குப் பெரிய மோகம்.

வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஞாயிறு காலையில் சாமுண்டி மலை அடிவாரத்தில் கூடுவோம். ஒரு தள்ளுவண்டிக்காரர் தட்டு இட்லி போடுவார். எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. கூட்டத்தில் யார் புது வண்டி வாங்கினாலும், அது எந்த வண்டியானாலும், முதல் ஞாயிறு அதை அங்கே கொண்டுவர வேண்டும். அடிவாரத்தில் டாப் கியர் போட்டால், மலையில் இருக்கும் பெரிய நந்தி சிலைக்குச் சாலை பிரியும் இடம் வரை கியரைத் தொடக்கூடாது. தொட்டால் அன்று எல்லோருடைய இட்லி, காபிச் செலவும் அவர் தலையில். எங்கள் பழைய வண்டிகள் அடியை எண்ணிக்கொண்டே ஏறிவிடும். மற்ற வண்டிகள் பெரும்பாலும் பாதியில் திணறும். அதில் எங்களுக்கு ஒரு அற்பப் பெருமை.

பொறியாளனாக ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சோதனையே நியாயமற்றது. சின்ன எஞ்சின் வேகமாகச் சுழன்றுதான் பலம் காட்டும்; கியரைக் குறைப்பது அதற்குக் குறை இல்லை. எங்கள் புது வண்டியை மூன்றாவது கியரில் ஓட்டியிருந்தால் பழைய வண்டிக்கு முன்பே நந்தியிடம் போய் நின்றிருக்கும். இதை அன்றைக்கு ஒரே ஒரு முறை, சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியிருந்தால் போதும்.

அந்தப் பெயர் இந்த நாட்டில் ஒரே ஒருவரிடம் இருந்தது. அவர் கொள்ளேகாலிலிருந்து இளம் வயதில் மைசூர் வந்தவர். அந்த வெளிநாட்டு வண்டியின் ஏஜென்சியில் மெக்கானிக்காக இருந்தார். ஏஜென்சி மூடியபோது உதிரிப் பாகங்களை அவரே செய்து விற்க ஆரம்பித்தார். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை. அதே பெயரில் பலகை. வண்டி வைத்திருந்த ஒரு வக்கீல் சொன்ன யோசனையில் அந்தப் பெயரை முறையாகப் பதிவும் செய்து வைத்திருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணா என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வண்டி பற்றி எந்தத் தகராறு வந்தாலும் கடைசி வார்த்தை அவருடையது. அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள்.

"உனக்குத் தெரிஞ்சவர்தானே, நீயே போய்க் கேள்" என்று எம்.டி. என்னை அனுப்பினார்.

நான் போனபோது அவர் ஒரு கார்புரேட்டரைப் பிரித்து மண்ணெண்ணெயில் ஊறப் போட்டிருந்தார். சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டே அதன் ஜெட்டை எடுத்துத் துளையை ஊதினார்.

"பேரைக் கேக்கறீங்க. வண்டியப் பத்தி ஒண்ணும் சொல்லலீங்களே தம்பி."

"நல்ல வண்டிண்ணா. நானே பார்த்துப் பார்த்துச் செஞ்சது."

"எத்தனை சிசிங்க?"

சொன்னேன். அவர் ஊதுவதை நிறுத்தினார்.

"சின்னதாச்சே."

"எஞ்சின் புதுசுண்ணா. சிசியை வெச்சு எடை போடாதீங்க."

"அதெல்லாம் எனக்கு எதுக்குங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மலை ஏறுமா? டாப்லயே?"

"ஏறும்" என்றேன்.

முந்திய மாதம்தான் நானே அதை மலையில் ஓட்டிப் பார்த்திருந்தேன். இரண்டாவது வளைவில் திணறி, கியரைக் குறைத்துத்தான் மேலே போனேன். அந்த வளைவு கண்ணில் இருக்கும்போதே ஏறும் என்றேன். ஏன் சொன்னேன் என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட, அவர் கண்ணில் என் வண்டி சின்னதாகிவிடக் கூடாது என்ற ஆசை. இரண்டாவதுதான் பெரியது என்று இப்போது தோன்றுகிறது.

பெயருக்காகக் கம்பெனி ஒரு தொகை ஒதுக்கியிருந்தது. அவர் வாங்க மறுத்துவிட்டார். "பேருக்குக் காசாங்க?" என்று சிரித்தார். ஒரே ஒரு நிபந்தனை: தொழிற்சாலையிலிருந்து வெளியே வரும் முதல் வண்டியை மலைக்கு அவர்தான் ஓட்ட வேண்டும். எம்.டி. என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அந்த வருடம் எனக்குப் பதவி உயர்வும் கிடைத்தது.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் முதல் வண்டி அவர் கடை வாசலுக்கு வந்தது. சிவப்பு. பெட்ரோல் டேங்கில் அந்தப் பெயர், பழைய எழுத்து வடிவத்திலேயே. அவர் மனைவி மஞ்சள் குங்குமம் வைத்தார்; சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சை நசுங்கியது. சந்துக்காரர்கள் கூடி நின்று பார்த்தார்கள். அவர் துண்டால் டேங்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அங்கே துடைக்க ஒன்றுமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம். எங்களில் ஒருவர் பாங்க்கில் வேலை பார்த்தவர், கன்னடக்காரர். எங்களோடு பேசிப் பேசியே தமிழ் கற்றவர். வாய் சும்மா இருக்காது.

"ஏனண்ணா, உங்க ராஜா மழைக்கோட்டு போட்டுக்கிட்டு வந்திருக்காரே" என்றார், அந்த முகமூடியைத் தட்டிப் பார்த்து.

"உள்ள இருக்கறது ராஜாதாங்க. கோட்டக் கழட்டினா உங்களுக்குக் கண்ணு கூசும்."

"சரி சரி. இட்லிக்காரரே, அண்ணா கணக்குல எல்லாருக்கும் எடுத்து வைங்க."

"உங்க கணக்குல எழுதச் சொல்லுங்க. நான் கியரத் தொடப் போறதில்லை."

அவர் கிளம்பினார். பின்னால் என் பழைய வண்டியில் நான். வேறு யாரும் வரவில்லை. பாதிப் பேர் கீழே, மீதிப் பேர் முன்பே நந்தி பிரியும் இடத்தில். முதல் வளைவு தாண்டியது. இரண்டாவது வளைவில் சத்தம் மாறியது. வண்டி அடைத்த தொண்டையோடு இருமியது. அவர் உடம்பை முன்னால் சாய்த்தார், வண்டியைத் தானே தூக்கிக்கொண்டு போகிறவர் மாதிரி. அப்புறம் அவருடைய கால் அசைந்தது. ஒரு கியர் குறைந்தது. இன்னொன்றும் குறைந்தது. வண்டி சீறிக்கொண்டு மேலே போயிற்று.

நான் பின்னால் வருவது அவருக்குத் தெரியும். ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கீழே இறங்கி வந்தபோது பாங்க் நண்பர் வழியை மறித்து நின்றார்.

"கியர் குறைச்சீங்களா அண்ணா? சத்தம் கேட்டுதே."

அவர் ஸ்டாண்டைப் போட்டு, சாவியைத் திருப்பி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இவ்வளவும் ஆனபிறகுதான் பேசினார்.

"குறைச்சேனுங்க. வளைவுல ஒரு மாடு. நடு ரோட்ல படுத்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேங்குது. தம்பி பின்னாலதான வந்தாரு, கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆமாம். மாடு" என்றேன்.

"அப்போ சட்டம் செல்லாது" என்றார் பாங்க் நண்பர். "மாடு வந்தா கோர்ட்டே ஒத்துக்கும்." எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் புது வண்டி வந்த சந்தோஷம் என்று சொல்லி, இட்லிக்கும் காபிக்கும் அண்ணாவே கொடுத்துவிட்டார்.

அந்த வளைவில் மாடு இல்லை. அன்று அந்தச் சாலையில் மாடு, நாய், மனிதர் யாருமே இல்லை. அவர் என்னைக் காப்பாற்றினாரா, தன் பெயரைக் காப்பாற்றினாரா, தெரியாது. என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. நானும் பேசவில்லை. பேசாமலே இருந்துவிட்டால் நடந்தது நடக்காததாகிவிடும் என்று இருவரும் நினைத்தோம் போலிருக்கிறது.

அவர் வாயிலிருந்து வந்ததால் அந்த மாட்டை எல்லோரும் நம்பினார்கள். எங்கள் கூட்டத்திலிருந்தே மூன்று பேர் புது வண்டி வாங்கினார்கள். ஒருவர் கல்லூரி ஆசிரியர், ஒருவர் பட்டுக்கடைக்காரர். மூன்றாமவர் அந்தப் பாங்க் நண்பர். மற்ற இருவரும் பழைய வண்டியையும் வைத்துக்கொண்டார்கள். பாங்க் நண்பருக்கு வீட்டில் இரண்டு வண்டிக்கு இடமில்லை, முதுகும் வலி. பெங்களூரிலிருந்து வந்த ஒருவரிடம் பழையதை விற்றுவிட்டார். "அதே பேரு, கிக்கர் மட்டும் லேசு" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

விற்ற வண்டி டெம்போவில் ஏறிப் போனபோது நானும் கூட இருந்தேன். கயிறு கட்ட உதவினேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

சில வாரங்களில் புகார் ஆரம்பித்தது. மூன்று பேருடைய வண்டியும் மலையில் கியர் கேட்டது. எங்கள் தொழிற்சாலைக்கு யாரும் வரவில்லை. பெயர் எந்தப் பலகையில் இருந்ததோ அங்கே போனார்கள். "அண்ணா ஓட்டினா ஏறுது, நான் ஓட்டினா ஏறலியே" என்பார் பாங்க் நண்பர். அண்ணா கார்புரேட்டரைத் திறப்பார். ஜெட்டை மாற்றுவார். வால்வைப் பார்ப்பார். செயின் தளர்வாக இருக்கிறது என்பார், இன்னும் ஓட்டம் பழகவில்லை என்பார். எதையும் மாற்றிப் பயனில்லை என்று அவருக்குத் தெரியும். இருந்தும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த மூன்று வண்டிகளும் கடை வாசலில் நின்றன. ஒரு பைசா வாங்கவில்லை. ஞாயிறு மறுபடி மலை, மறுபடி கியர். மாதக்கணக்கில் இப்படியே போயிற்று. ஒரு சனிக்கிழமை நான் அந்தப் பக்கம் போனேன். அவர் தரையில் உட்கார்ந்து சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சக்கரம் நின்ற பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன்.

பிறகு பேச்சு மாறியது. கம்பெனியிடம் பெரிய தொகை வாங்கிக்கொண்டுதான் பெயரையும் கொடுத்தார், வண்டியையும் புகழ்ந்தார் என்று யாரோ சொல்ல, அது பரவியது. ஞாயிற்றுக்கிழமை அவர் காதுபடவே, "அண்ணாக்கென்ன, பேரு காசா மழை மாதிரி கொட்டிடுச்சு" என்று ஒருவர் சொன்னார். அண்ணா இட்லியைப் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மறுக்கவில்லை. காசே வாங்கவில்லை என்ற உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி வரும்: பின்னே ஏன் ஏறும் என்று சொன்னீர்கள்?

எனக்கு அது தாங்கவில்லை. இரண்டு வாரம் தூக்கமில்லை. மூன்றாவது ஞாயிறு, எல்லோரும் இருக்கும்போது நான் எழுந்து நின்று பேசினேன். அவர் ஒரு காசு வாங்கவில்லை என்றேன். வண்டி டாப்பில் ஏறாது என்று தெரிந்தும் ஏறும் என்று அவரிடம் பொய் சொல்லிப் பெயரை வாங்கியவன் நான்தான் என்றேன். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை, என்னைத் திட்டுங்கள் என்றேன். மனசிலிருந்து ஒரு பாரம் இறங்கிவிட்டது போல, வெட்கமில்லாமல் ஒரு நிம்மதிகூட வந்தது.

யாரும் திட்டவில்லை. பாங்க் நண்பர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்போ மாடு?"

அந்த ஒரு கேள்வியை நான் யோசிக்கவே இல்லை. என் பொய்யை ஒப்புக்கொண்டால் அவருடைய பொய்யும் கூடவே வெளியே வந்துவிடும் என்பது, இத்தனை படித்த எனக்கு, அந்த நிமிஷம் வரை தோன்றவில்லை.

 பாங்க் நண்பர் அண்ணா பக்கம் திரும்பினார்.

"மாடு இரலில்வா அண்ணா? மாடே இல்லையா?"

"இல்லீங்க" என்றார்.

"கீழே நின்னே கேட்டேன் நான். ரெண்டு கியர் குறைஞ்சுது. நல்லாக் கேட்டுது. நீங்க மாடுன்னீங்க. அண்ணாவே சொல்றாரு, அப்போ என் காதுதான் சரியில்லைன்னு நெனச்சேன்." குரலை உயர்த்தவே இல்லை அவர். "என் வண்டியக் குடுத்துட்டேனே அண்ணா."

 பாங்க் நண்பர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். தள்ளுவண்டிக்காரர் ஆறிப்போன இட்லிகளை மூடி வைத்தார்.

கடைசியில் அண்ணாவும் நானும்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க" என்றார்.

"உங்களைப் பத்தித் தப்பாப் பேசறாங்கண்ணா. பார்த்துக்கிட்டு எப்படி..."

"காசு வாங்கினவன்னு பேசினாங்க. பேசட்டும்னு இருந்தேன். காசு வாங்கறது ஊரு உலகத்துல நடக்கறதுதானுங்களே. இப்ப, பொய் சொன்னவன். அதுவும் அவருகிட்ட." வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டுச் சொன்னார்: "உங்க மனசு கழுவிக்கிச்சு. தண்ணி எங்க போய் விழுந்துதுன்னு பாக்கலீங்க."

அடுத்த ஞாயிறு அவர் மலைக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரே பரிகாரம் பொறியியல்தான். பின்சக்கரத்தில் இருக்கும் பல்சக்கரத்தைப் பெரிதாக்கினால் வண்டியின் வேகம் குறையும், இழுப்பு கூடும். டாப் கியரிலேயே மலை ஏறிவிடும். இந்த வண்டியை வடிவமைக்கும்போதே எனக்குத் தெரிந்த விஷயம்தான். விளம்பரத்தில் போட வேகம் வேண்டும் என்பதற்காக விட்டிருந்தோம். தொழிற்பேட்டையில் பல் வெட்டும் பட்டறை ஒன்றில் என் செலவில் பெரிய பல்சக்கரங்கள் செய்யச் சொன்னேன். மூன்று பேர் வீட்டுக்கும் நானே போய், மன்னிப்புக் கேட்டு, வாசலில் உட்கார்ந்து என் கையாலேயே மாட்டினேன். செயினையும் நீளம் கூட்டினேன். கல்லூரி ஆசிரியரும் பட்டுக்கடைக்காரரும் மரியாதையாக நடந்துகொண்டார்கள். பாங்க் நண்பர் உள்ளேயிருந்து வெளியே வரவில்லை. அவர் மனைவிதான் சாவி கொடுத்தார்.

மூன்றையும் நானே மலையில் ஓட்டிப் பார்த்தேன்; ஏறின. ஐந்தாவது கியரில், கியரைத் தொடாமல், நந்தி பிரியும் இடம் வரை. வழியில் ஒரு டவுன் பஸ் என்னை முந்திக்கொண்டு போயிற்று என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

பத்து நாள் கழித்துப் பாங்க் நண்பர் தொழிற்சாலைக்கு போன் செய்தார். அந்த ஞாயிறுக்குப் பிறகு என்னோடு அவர் பேசியது அதுதான் முதல் தடவை.

"சார், பழைய சக்கரம் வீசிட்டீங்களா?"

"இல்லை, வெச்சிருக்கேன். ஏன்?"

"வந்து மாத்திக் குடுங்க. மலைக்கு வாரத்துல ஒரு நாள் போறேன். ஆபீசுக்கு தினமும் போறேன். ரோட்ல அது அழறது கேக்க முடியலை."

போய் மாற்றிக் கொடுத்தேன். மற்ற இருவரும் மாற்றிக்கொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவர்கள் என்னைக் கூப்பிடக்கூட இல்லை.

இதற்கிடையில் வண்டியும் சந்தையில் விற்கவில்லை. பெயரைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தவர்கள் பெயருக்கேற்ற வண்டியை எதிர்பார்த்தார்கள். வேறு ஏதாவது பெயர் வைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இரண்டாவது வருடம் உற்பத்தியை நிறுத்தினார்கள். அதைச் சொல்லவும், பல்சக்கரம் மாட்டிப் பார்த்ததைச் சொல்லவும் அவர் கடைக்குப் போனேன். வாசலில் வண்டி எதுவும் இல்லை. அவர் வாஷர்களை அளவு பார்த்து டப்பாக்களில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க சார்" என்றார்.

தம்பி போய்விட்டது என்பது புரிந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். ஏறியது என்றேன். பஸ் முந்தியதையும் சொன்னேன். பெயரைத் திருப்பித் தருமாறு கம்பெனியில் கேட்கிறேன் என்றேன்.

"ஏறிச்சுங்களா. சரிங்க." ஒரு வாஷரை விரலில் மாட்டிப் பார்த்து டப்பாவில் போட்டார். "பேரு எனக்கு எதுக்குங்க இனி. அங்கயே இருக்கட்டும்."

 இன்னொரு வாஷரை எடுத்தபடி அவரே பேசினார்.

"அன்னைக்கு ஏறாதுன்னு சொல்லியிருந்தாலும் குடுத்திருப்பேனுங்க சார்."

"குடுத்திருப்பீங்களா?"

"எங்க வீட்ல பேரப்பையன் பொறந்தான். எங்க அப்பன் பேரத்தான் வெச்சோம். அப்பன் பருத்தி மூட்டைய ஒத்த ஆளாத் தூக்கி வண்டியில போடுவாரு. இவனுக்குப் பால் பாட்டில் தூக்க வராது. அதுக்காக யாராச்சும் வந்து கேட்டாங்களா, தாத்தன் பேர வெச்சுட்டு மூட்ட தூக்க மாட்டீங்கறானேன்னு? சின்னதுன்னு சொல்லியிருந்தா, சின்னது, பெரியவரு பேர வெச்சிருக்குதுன்னு நானே மலையடியில நின்னு எல்லாருகிட்டயும் சொல்லியிருப்பேன். மூணாவது கியர்ல நானே ஓட்டிக் காட்டியிருப்பேன். இட்லிக்கும் குடுத்துட்டுப் போயிருப்பேன்."

உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டது. அவர் மனைவி ஒரு டம்ளர் காபியோடு கதவு வரை வந்தார்.

"சார் கிளம்பறாருங்க" என்றார் அண்ணா, தலையைத் தூக்காமல்.

காபி உள்ளே திரும்பிப் போயிற்று. நான் எழுந்துகொண்டேன்.

பெயரைத் திருப்பிக் கொடுக்கும்படி கம்பெனியில் எழுதிக் கேட்டேன். பதில் வரவில்லை. பிறகு தொழிற்சாலையே கை மாறியது. அந்தப் பெயர் எங்கே போயிற்றோ. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கொஞ்ச நாள் இழுத்துக்கொண்டு இருந்தது, அப்புறம் கலைந்தது. யாரும் கலைக்கவில்லை. நானும் என் பழைய வண்டியை விற்றுவிட்டேன். பாங்க் நண்பருக்கே கொடுக்கலாம் என்று முதலில் கேட்டுப் பார்த்தேன். "வேண்டாம் சார், முதுகு" என்றார். முதுகு ஒரு காரணமாக இருக்கலாம்.

அடுத்த வருடம் ஒரு சாயங்காலம் மார்க்கெட்டுக்குப் போய்விட்டு அந்தச் சந்து வழியாக ஸ்கூட்டரில் வந்தேன். கடை முன்னால் பாங்க் நண்பர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எதிரே அவருடைய சிவப்பு வண்டி, முகமூடியைக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தது. அண்ணா தரையில் உட்கார்ந்து எஞ்சினில் ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார். இருவரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். எப்போது, எப்படிச் சேர்ந்துகொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் இல்லாத ஒரு நாளில் அது நடந்திருக்கிறது.

நான் வேகத்தைக் குறைத்தேன். பாங்க் நண்பர் பார்த்துவிட்டுக் கையை லேசாக உயர்த்தினார். அண்ணாவும் நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஸ்பானரைக் கை மாற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். நான் நிற்காமல் வீட்டுக்கு வந்தேன்.